பகடை தொடாதவளின் கேள்வி

2023 நவம்பர் 20, திங்கட்கிழமை காலை. கண்டாச்சிபுரத்திலிருந்து விழுப்புரம் போகும் பேருந்து. திருவண்ணாமலையில் தீபத் திருவிழா நாட்கள் என்பதால் அந்தத் தடத்தில் போகிற வண்டியிலும் கூட்டம், வருகிற வண்டியிலும் கூட்டம். முந்தின இரவு அகமதாபாத்தில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் முடிந்திருந்தது. தொடர்ந்து பத்து ஆட்டங்களை வென்று வந்த இந்திய அணி 240 ரன்னில் அடங்கிப்போனது. டிராவிஸ் ஹெட் ஒருவரே 137 அடித்து ஆஸ்திரேலியாவைக் கரை சேர்த்துவிட்டார். பின் இருக்கையில் கல்லூரிப் பையன்கள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டத்தை முதல் பந்திலிருந்து பார்த்தவர்கள் அவர்கள்தான். பேசியவர்கள் வேறு.

“தோத்துட்டானுங்களாமே?” என்று தொடங்கியவர் மல்லாட்டை மூட்டையைக் காலுக்கடியில் வைத்திருந்த அம்மாள். “எவன்கிட்ட?” என்றார் பக்கத்தில் இருந்தவர். “எவனோ வெள்ளக்காரன். பிரதமரே போயி ஒக்காந்து பாத்தாராமே.” “கோடி கோடியா வாங்குறானுங்க, ஒரு நாளு ஜெயிச்சா இன்னா கொறஞ்சி பூடும்?” “அது ஒண்ணுமில்ல, முன்னாடியே பேசி வச்சிருப்பானுங்க.” “எம் பேரன் ராத்திரி சோறு துன்னல.” விழுப்புரம் வரும்வரை பேச்சு ஓயவில்லை. ஆடுகளத்தில் நடந்தது எதுவும் அதில் இல்லை. ஆனால் கூலி இருந்தது, நாடு இருந்தது, சதி இருந்தது, சாப்பிடாமல் படுத்த ஒரு பிள்ளை இருந்தது.

விளையாட்டில் ஆர்வமில்லாதவர்கள் விளையாட்டைப் பற்றிப் பேசுவது எல்லா ஊரிலும் கேட்கும் பேச்சுதான். அதை அறியாமை என்று ரசிகர்கள் ஒதுக்குகிறார்கள். பொழுதுபோக்கு என்று மற்றவர்கள் விட்டுவிடுகிறார்கள். கூர்ந்து கேட்டால் அந்தப் பேச்சில் பல வகை உண்டு. சில வகை வெறும் உபசாரம். சில வகை நஞ்சு. ஒரே ஒரு வகை மட்டும், ஆட்டத்தை நேசிக்கிறவர்கள் கேட்கத் தவறிய கேள்வியைக் கேட்கிறது.

உபசாரத்திலிருந்து தொடங்கலாம். டிரான்சிஸ்டர் காலத்தில் டீக்கடைப் பெஞ்சில் உட்காருகிறவர் முதலில் கேட்பது “ஸ்கோர் இன்னா?” என்றுதான். சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரும் ராமமூர்த்தியும் கூத்தபிரானும் வானொலியில் தமிழில் வர்ணனை சொன்ன நாட்களில், மட்டையைக் கையால் தொட்டிராதவர்கள்கூட அந்தக் குரல்களுக்காகக் காது கொடுத்தார்கள். ஸ்கோர் கேட்டவருக்குப் பதில் எதுவாக இருந்தாலும் ஒன்றுதான். நூற்று இருபதுக்கு மூன்று என்று சொன்னாலும், மூன்றுக்கு நூற்று இருபது என்று சொன்னாலும், “அப்டியா” என்று தலையாட்டிவிட்டு டீயை எடுத்துக்கொள்வார். ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருக்கிறவர்களோடு சேர்ந்துகொள்ள ஒரு வாசல் வேண்டும். மழை பெய்யாத நாளில் ஸ்கோர்தான் அந்த வாசல்.

வீட்டுக்குள் இதே உபசாரம் பாசமாகிவிடும். பேரன் டிவி முன்னால் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கும்போது ஆயா வந்து கேட்பாள்: “உங்காளு அடிச்சானாடா?” அந்த ஆளின் பெயர் அவளுக்குத் தெரியாது. மஞ்சள் சட்டை என்றால் பேரனுக்குப் பிடிக்கும் என்பது தெரியும். தோனியை அவள் பேரனின் வழியாக உறவாக்கிக்கொண்டாள். அவன் அவுட்டானால் பேரனுக்கு என்ன ஆகுமோ என்பதுதான் அவள் பார்க்கும் மேட்ச். சிலர் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். “நான் வந்து நின்னாலே அவன் அவுட்டாயிடறான், நான் போறேன்” என்று அடுப்படிக்குப் போய்விடுவார்கள். எங்கோ ஆயிரம் மைலுக்கு அப்பால் நடப்பதற்குத் தன் கால்தடத்தைக் காரணமாக்கிக்கொள்ளும் இந்தப் பொறுப்புணர்ச்சி எந்த ரசிகனுக்கும் குறைந்ததல்ல.

இரண்டாவது வகை ஏளனம். தமிழ்நாட்டில் இதற்கு ஒரு நிலையான வாசகமே உண்டு. பதினொரு முட்டாள்கள் ஆட, பதினோராயிரம் முட்டாள்கள் பார்க்கிறார்கள் என்று பெர்னார்ட் ஷா சொன்னதாக ஆசிரியர்கள், அப்பாக்கள், பட்டிமன்றப் பேச்சாளர்கள் மூன்று தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். ஷா அதை எந்த நூலில் எழுதினார் என்று கேட்டால் பேச்சு மாறிவிடும். எண்ணிக்கை மட்டும் மேடைக்கு மேடை ஏறும். இந்த வாசகத்தின் செயல்வடிவம்தான் பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வது. எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் படித்த எவரும் அந்த இழப்பை அறிவார்கள். சிலபஸ் முடியவில்லை என்றால் முதலில் பறிபோவது மைதானம்.

ஏளனத்துக்கு உயர்ந்த வம்சாவளியும் உண்டு. அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் கால்பந்தை வெறுத்தவர். 1978இல் அர்ஜென்டினாவில் உலகக் கோப்பை நடந்தபோது, சொந்த நாட்டு அணி முதல் ஆட்டத்தில் இறங்கிய அதே நேரத்தில் அவர் மரணமின்மை பற்றி ஒரு சொற்பொழிவு வைத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது, ஆட்டத்தை வெறுத்தவருக்கும் ஆட்டத்தின் நேரம் துல்லியமாகத் தெரிந்திருந்தது என்பதுதான். ஏளனம் செய்கிறவர் ஆட்டத்தை விட்டு விலகிப்போனவர் அல்லர். எதிர்ப்பக்கக் கேலரியில் டிக்கெட் வாங்கியவர்.

ஏளனத்துக்குத் தம்பி சந்தேகம். “எல்லாம் செட்டிங்” என்ற இரண்டு சொல்லில் உலகத்து ஆட்டங்கள் அனைத்தையும் முடித்துவிடலாம். இதற்கு ஆதாரமில்லை என்று சொல்ல முடியாது. 2000இல் தென்னாப்பிரிக்கக் கேப்டன் ஹன்ஸி குரோனியே பணம் வாங்கியதை ஒப்புக்கொண்டார். 2013 ஐபிஎல் சூதாட்ட விவகாரத்தின் விளைவாகச் சென்னை அணியே 2016, 2017 என்று இரண்டு ஆண்டுகள் வெளியே உட்கார்ந்தது. ஆனால் பேருந்தில் “பேசி வச்சிருப்பானுங்க” என்கிறவர் இந்த வழக்குகளைப் படித்துவிட்டு அப்படிச் சொல்வதில்லை. படிக்க வேண்டிய அவசியத்தைத் தவிர்க்கவே சொல்கிறார். ஆட்டம் தெரியாதவன் என்ற தாழ்வை, ஆட்டத்துக்குப் பின்னால் நடப்பது தெரிந்தவன் என்ற உயர்வாக இந்தச் சந்தேகம் மாற்றித் தருகிறது. தேர்தலைப் பற்றியும் கோர்ட்டுத் தீர்ப்பைப் பற்றியும் அதே ஆள் அதே சொல்லைச் சொல்வார். எல்லாமே செட்டிங் என்றால் எதையும் தட்டிக்கேட்க வேண்டியதில்லை.

மூன்றாவது வகை மேடைப் பேச்சு. பொங்கலுக்கு மறுநாள், அதற்கு மறுநாள் எங்கள் பக்கத்து ஊர்களில் போட்டிகள் நடக்கும். சிறுவர்களுக்கு ஸ்லோ சைக்கிள், பெண்களுக்குக் கோலமும் மியூசிக்கல் சேரும், இளைஞர்களுக்கு உறியடியும் வழுக்கு மரமும், கடைசியில் விடிய விடியக் கபடி. பரிசு எவர்சில்வர் குடத்தில் தொடங்கிச் சுழற்கோப்பை வரை போகும். ஃப்ளெக்ஸில் ஆடுகிறவர்களின் படம் இருக்காது. முதல் பரிசு வழங்குபவர், இரண்டாம் பரிசு வழங்குபவர், மைக்செட் உபயம் செய்தவர் படங்கள் இருக்கும். தொடங்கிவைக்க வருகிறவர் பெரும்பாலும் கபடிக் கோட்டுக்குள் கால் வைத்தறியாதவர். வேட்டியைப் பிடித்துக்கொண்டு இரண்டு அணியினரின் கையையும் குலுக்கிவிட்டு மைக்கைப் பிடித்தால் தவறாமல் ஒன்று சொல்வார்: “வெற்றி தோல்வி முக்கியமில்லை, பங்கேற்பதுதான் முக்கியம்.”

1908 லண்டன் ஒலிம்பிக்கின்போது, நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிவைத்த கூபர்த்தேன் பேசியதிலிருந்து ஊர் ஊராகச் சுற்றி வந்த கருத்து இது. இதைச் சொல்கிறவர் ஒருபோதும் ஆடுகிறவராக இருப்பதில்லை. தொடையில் மண் ஒட்டியிருக்கிறவனிடம் கேட்டால் தெரியும் வெற்றி முக்கியமா இல்லையா என்று. மேடையில் இருப்பவருக்கு இரண்டு அணியிலும் ஓட்டு இருக்கிறது. பங்கேற்பதே முக்கியம் என்பது அவருடைய நிலைமைக்கு மிகச் சரியான தத்துவம்.

இவையெல்லாம் தீங்கற்றவை. சிரித்துவிட்டுப் போகலாம். பேச்சு கனமாகிற இடம் வேறு. அதற்கு 2024 டிசம்பரைச் சொல்ல வேண்டும்.

அந்த ஆண்டு நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை ஏறியது. ஏறிய புயல் நகராமல் நின்றுகொண்டது. மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் மழை. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணைக் கரை ஊர்களில் நெல்லும் கரும்பும் மட்டுமல்ல, மண்ணே போயிற்று. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட ரேஷன் அட்டைக் குடும்பங்களுக்கு அரசு இரண்டாயிரம் ரூபாய் அறிவித்தது. வீட்டுக்குள் புகுந்த சேற்றை வாரிக்கொண்டிருந்த பத்துப் பன்னிரண்டு நாளில், டிசம்பர் 12 அன்று, சிங்கப்பூரில் பதினெட்டு வயது குகேஷ், சீனாவின் டிங் லிரனை 7.5 - 6.5 என்று வீழ்த்தி உலகச் சதுரங்கச் சாம்பியன் ஆனார். தமிழ்நாடு அரசு ஐந்து கோடி ரூபாய் பரிசு அறிவித்தது.

சதுரங்கத்தை அதுவரை எங்கள் பக்கம் பெரும்பாலோர் அறிந்திருந்தது 2022 ஒலிம்பியாட் விளம்பரங்களில்தான். மாமல்லபுரத்தில் உலகமே வந்து ஆடுகிறது என்றார்கள். வேட்டி சட்டை போட்டுக் கைகூப்பிய குதிரை, ‘தம்பி’ என்ற பெயரில் சுவரெல்லாம் நின்றது. “குதிரைக்கு எதுக்குடா வேட்டி?” என்ற அளவில் அப்போது பேச்சு முடிந்திருந்தது. இப்போது அப்படி முடியவில்லை. நிவாரண டோக்கன் வரிசையில் நின்றவர்களின் கைகளில் செல்பேசி இருந்தது. செல்பேசியில் குகேஷ் அழுதுகொண்டிருந்தார்.

“அஞ்சு கோடியா? ஒக்காந்த எடத்துலயா?”

“நம்ம ஊட்ல ஒருத்தன் நாள் முச்சூடும் ஒக்காந்த எடத்துலதான் கெடக்கான். அஞ்சு பைசா வரல.”

“நமக்கு ரெண்டாயிரம். அதுக்கும் அட்ட வேணும், டோக்கன் வேணும்.”

“யாரு பையன் அது?”

“பள்ளிக்கூடம் போவலியாம் பாவம். நாலாவதோட நின்னுட்டானாம்.”

இதில் ரசிகர்கள் காதுக்குப் பொறாமை மட்டும் கேட்கும். சமூக ஊடகத்தில் அதே நாட்களில் படித்தவர்கள் கொட்டியதும் இதுதான்: பரிசில் வருமான வரி எவ்வளவு போகும் என்ற நையாண்டி ஒரு பக்கம், பையன் தமிழரா தெலுங்கரா என்ற சண்டை இன்னொரு பக்கம். ஆந்திர முதல்வர் தெலுங்குப் பிள்ளை என்று வாழ்த்தினார். தமிழக முதல்வர் சென்னைக்குப் பெருமை சேர்த்தவர் என்று வாழ்த்தினார். சதுரங்கத்தில் யானை எப்படி நகரும் என்று தெரியாதவர்கள் குகேஷின் தாய்மொழியை இரண்டு நாள் ஆராய்ந்தார்கள். பதினான்காவது ஆட்டத்தின் முடிவில் டிங் லிரன் யானையைத் தவறான கட்டத்தில் வைத்ததைப் பற்றிப் பேசியவர்கள் மிகச் சிலர்.

ஆனால் டோக்கன் வரிசையில் எழுந்த கேள்விகளை ஒன்றாகக் கட்டி ஓரமாகப் போட முடியாது. அவற்றில் இரண்டு வகை இருக்கின்றன. ‘யாரு பையன்?’ என்பது ஒன்று. ‘என்ன கொடுத்தார்கள், என்ன இழந்தான்?’ என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே வாயிலிருந்துதான் வந்தன. ஆனால் இரண்டும் வேறு வேறு மூதாதையரிடமிருந்து வந்தவை. அந்த மூதாதையர்களை எங்கள் பக்கம் ஆண்டுதோறும் கூத்தில் பார்க்கிறோம்.

செஞ்சியைச் சுற்றியுள்ள இந்த நிலப்பரப்பு திரௌபதி அம்மன் வழிபாட்டின் நடுமையம். ஆல்ஃப் ஹில்டிபைட்டல் என்ற அமெரிக்க அறிஞர் இந்த வழிபாட்டைப் பற்றி 1988இல் வெளியிட்ட பெருநூலின் முதல் தொகுதி செஞ்சியிலிருந்துதான் தொடங்குகிறது. பங்குனி, சித்திரை, வைகாசியில் கொடி ஏறினால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. வில் வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று போய்ப் பதினெட்டாம் போர் அன்று மண்ணால் செய்த துரியோதனன் படுகளத்தில் கிடப்பான். மாலையில் தீமிதி.

யோசித்துப் பார்த்தால் பாரதக் கதையின் திருப்பங்கள் பல, போட்டிகளில்தான் நிகழ்கின்றன. இளவரசர்கள் வித்தை காட்டும் அரங்கு. திரௌபதிக்கான வில் போட்டி. பிறகு சூது. கூத்துப் பார்க்க வந்தவர்களில் எத்தனை பேருக்குப் பகடையில் காய் எப்படி விழுந்தால் யாருக்கு வெற்றி என்று தெரியும்? நான் அறிய ஒருவரும் இல்லை. சகுனி உருட்டுகிறான், தருமன் தோற்கிறான், அவ்வளவுதான். ஆட்டத்தின் நுட்பம் அங்கே யாருக்கும் தேவைப்படுவதில்லை. நாடு போயிற்று, தம்பிமார் போனார்கள், தானும் போனான், பெண்டாட்டியும் போனாள் என்ற வரிசை மட்டும் கைக்குழந்தைக்காரிக்கும் தெரியும். துகில் உரியும் கட்டத்தில் திரௌபதி வேஷக்காரருக்குக் கற்பூரம் காட்டுவார்கள். பெண்கள் அழுவார்கள். சிலருக்கு அருள் வரும். ஒரு விளையாட்டுப் போட்டியை, அந்த விளையாட்டில் கடுகளவும் ஆர்வமில்லாத ஓர் ஊரே இரவு முழுக்கக் கண்விழித்துப் பார்ப்பது இதுதான்.

இந்தக் கதையில் ஆட்டத்துக்கு வெளியிலிருந்து இரண்டு கேள்விகள் எழுகின்றன. முதலாவது, வித்தை அரங்கில் ஆசான் கிருபர் கேட்டது. அர்ச்சுனனுக்கு நிகராக வில்லைப் பிடித்துக்கொண்டு கர்ணன் நிற்கிறான். கிருபர் அவன் அம்பைப் பார்க்கவில்லை. நீ எந்தக் குலம், யார் மகன் என்று கேட்கிறார். போட்டி அங்கேயே முடிந்துபோகிறது. கர்ண மோட்சம் நடக்கும் இரவில் எங்கள் பக்கத்து ஜனங்கள் கர்ணனுக்காக உருகுவது அவன் கொடைக்காக மட்டுமல்ல. அந்தக் கேள்வியைத் தாங்கியவர்கள் கூட்டத்தில் நிறையப் பேர்.

இரண்டாவது கேள்வி திரௌபதியுடையது. அவள் சூதாட்ட மண்டபத்தில் இல்லை. ஆட்டத்தைப் பார்க்கவில்லை. பகடையைத் தொடவில்லை. யார் எத்தனை உருட்டினார்கள் என்பதில் அவளுக்கு அக்கறை இல்லை. அழைத்துப்போக வந்தவனிடம் ஒன்றைத்தான் கேட்டு வரச் சொல்கிறாள்: தருமர் தன்னை முதலில் தோற்றாரா, என்னை முதலில் தோற்றாரா? தன்னையே தோற்றவனுக்கு இன்னொருவரைப் பணயம் வைக்க ஏது உரிமை? வாழ்நாள் முழுக்க நீதி பேசிய பீஷ்மர் அதற்கு நேரான பதில் சொல்லவில்லை. ஆட்டத்தின் விதியில் இருந்த ஓட்டையைக் கண்டவள், ஆட்டத்தை அறவே விரும்பாத ஒருத்தி.

ஆர்வமில்லாதவர்களின் பேச்சு இந்த இரண்டில் ஒன்றின் வழி வந்தது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

கிருபர் வழியில் வந்த பேச்சுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. 2016இல் ரியோவில் பி.வி. சிந்து வெள்ளிப் பதக்கம் வாங்கிய நாட்களில் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் இணையத்தில் மும்முரமாகத் தேடப்பட்டவற்றில் ஒன்று அவருடைய சாதி. தேடியவர்களுக்கு இறகுப்பந்து ஒரு பொருட்டாக இருந்திருக்காது. 2021 ஆகஸ்டில் டோக்கியோவில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் தோற்றபோது, ஹரித்வார் அருகே வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில் சிலர் பட்டாசு வெடித்துச் சாதிப் பெயரைச் சொல்லி ஏசினார்கள். தலித்துகளை அணியில் சேர்த்ததால்தான் தோற்றார்களாம். ஹாக்கியை நேசிக்கிற ஒருவனால் அந்தத் தோல்விக்குப் பட்டாசு வெடித்திருக்க முடியாது.

நம் மாநிலத்துக் காயம் இன்னும் ஆறவில்லை. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்திரராஜன், 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அந்தச் செய்தி வரும்வரை 800 மீட்டர் என்றால் மைதானத்தை எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்று அறியாதவர்கள், செய்தி வந்த மறுநாளிலிருந்து அவர் உடம்பைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்களாகப் பேசினார்கள். தமிழக அரசு அறிவித்த பதினைந்து லட்சத்தை அவருக்குக் கொடுத்தது. அவர் பிள்ளைகளுக்கு ஓடப் பயிற்சி கொடுத்தார். பிற்பாடு சூளைக்கே திரும்பிச் செங்கல் அறுத்த நாட்களும் உண்டு. பேசிய வாய்களில் எத்தனை அவர் ஓட்டத்தைப் பற்றிப் பேசின? நீ யார் என்ற கேள்வி, நீ என்ன செய்தாய் என்பதைப் பார்க்க விடாமல் தடுக்கும். கிருபரின் கேள்வி அன்றைக்குச் செய்ததும் அதுதான்.

ஆட்டத்தை அறிந்தவர்கள் இந்த இடத்தில் உயர்ந்து நிற்பதும் உண்டு. 1999 ஜனவரி 31 அன்று சேப்பாக்கத்தில் டெண்டுல்கர் முதுகுவலியோடு 136 அடித்தும் இந்தியா பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றது. நான்கு நாள் அந்த வெயிலில் உட்கார்ந்து பார்த்த கூட்டம் எழுந்து நின்று பாகிஸ்தான் வீரர்களுக்குக் கைதட்டியது. அவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தார்கள். ஆட்டத்தைப் பார்க்காமல், முடிவை மட்டும் கேட்டவனால் அப்படிக் கைதட்ட முடியாது. அவன் காதுக்கு வருவது ‘எவன்கிட்ட தோத்தோம்’ என்பது மட்டும்தான். தேசங்களுக்கு இடையிலான ஆட்டம் பகையை வளர்க்கிறது என்று ஆங்கில எழுத்தாளர் ஆர்வெல் 1945இல் எழுதினார். நஞ்சு பெரிதும் பார்வையாளர்களிடம்தான் என்று அவர் கருதினார். சேப்பாக்கத்தின் அந்த ஒரு மாலையை வைத்து, ஆழ்ந்து பார்ப்பவனைவிடப் பார்க்காதவனிடம் நஞ்சு அதிகம் என்று நான் அதைத் திருத்திக்கொள்கிறேன்.

இனி திரௌபதி வழி வந்த பேச்சு. இதைத்தான் நாம் அடக்கிவிடுகிறோம்.

2018 ஏப்ரல் 10. இரண்டு ஆண்டுத் தடைக்குப் பிறகு சென்னை அணி சேப்பாக்கத்துக்குத் திரும்பிய நாள். காவிரி மேலாண்மை வாரியம் அமைக்கக் கோரி மாநிலமே கொதித்துக்கொண்டிருந்தது. அண்ணா சாலையில் மறியல். மைதானத்துக்குள் செருப்பு வீச்சு. மீதி இருந்த உள்ளூர் ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. ரசிகர்கள் ஒரு தனி ரயிலே பிடித்துப் பின்னால் போனார்கள். அன்று மறியலில் நின்ற பலருக்கு ஐபிஎல் பிடிக்குமா பிடிக்காதா என்பதே பேச்சில்லை. தண்ணீர் இல்லாத ஊரில் ராத்திரி விளக்குப் போட்டு என்ன கொண்டாட்டம் என்று கேட்டார்கள். விளையாட்டில் அரசியலைக் கலக்காதே என்று பதில் வந்தது. செருப்பு எறிந்ததையும் ரசிகர்களை அடித்ததையும் நான் ஏற்கவில்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு அந்தப் பதில் பதிலாகாது. சபையில் பீஷ்மர் சொன்னதும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது: தருமம் நுட்பமானது, என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை.

2022 ஜூலையில் பண்ருட்டிப் பக்கம் மானடிக்குப்பத்தில் கபடி ஆடிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் பிடிபட்டு விழுந்த இடத்திலேயே இறந்துபோனார். அந்தக் காட்சி செல்பேசி செல்பேசியாகச் சுற்றியது. கபடி ரசிகர்கள் அவர் ஆட்டத்தைப் புகழ்ந்து அழுதார்கள். “வீர மரணம்” என்று ஃப்ளெக்ஸ் வைக்கிற அளவுக்கு நம்மிடம் சொற்கள் உண்டு. கபடியைப் பார்த்தே அறியாத பெண்கள் கேட்டது வேறு: “அங்க ஒரு ஆம்புலன்ஸ் இல்லியா? டாக்டரு இல்லியா?” விடிய விடியக் கபடி நடக்கும் எத்தனை ஊரில் கோட்டுக்குப் பக்கத்தில் மருத்துவர் இருக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். மைக்செட்டுக்கு உபயதாரர் கிடைக்கிறார்.

கடைசியாக, சூது. பகடையை அப்படியே செல்பேசிக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். அணி அமைத்துப் பணம் கட்டு, உன் வீரர் அடித்தால் உனக்குக் கோடி என்று நட்சத்திரங்களே வந்து கூப்பிட்டார்கள். தொகை சின்னது, ஒரு பிரியாணி விலைகூட இல்லை. இந்திய அணியின் சட்டையிலேயே அப்படிப்பட்ட நிறுவனத்தின் பெயர் இருந்தது. சீரியல் பார்த்துக்கொண்டிருந்த அம்மாக்கள் அப்போதுதான் மேட்சைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். “இன்னிக்கி மேட்ச் இருக்குதா?” என்று அவர்கள் கேட்டால் அதற்கு அர்த்தம், பையன் கையில் இன்றைக்குக் காசு தங்காது என்பது. ரன் ரேட் அவர்களுக்குத் தெரியாது. யாருடைய பணம், யாருக்கு உரிமை என்பது தெரியும். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை நாடு முழுக்கத் தடை செய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அந்தப் பெயர் அணியின் சட்டையிலிருந்து இறங்கியது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அம்மாக்கள் கேட்டுவிட்டார்கள். ஆட்டத்தைப் பற்றி அவ்வளவு படித்த வர்ணனையாளர்கள் யாரும் கேட்கவில்லை.

டோக்கன் வரிசையில் “நாலாவதோட நின்னுட்டானாம்” என்று வருத்தப்பட்டவளையும் இவர்களோடுதான் சேர்க்க வேண்டும். குகேஷ் நான்காம் வகுப்புக்குப் பிறகு முழுநேரப் பள்ளியை விட்டார். காது மூக்குத் தொண்டை மருத்துவரான அப்பா தொழிலை நிறுத்திவிட்டு மகனோடு ஊர் ஊராகப் போனார். ஐந்து கோடியைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். அதற்கு முன்னால் ஒரு குடும்பம் எதையெல்லாம் பணயம் வைத்தது என்று கேட்டவள், சதுரங்கப் பலகையைக் கண்ணால் பார்க்காதவள். நமக்கு இரண்டாயிரம் என்று சொன்னவரும் குகேஷின் பரிசைக் குறைக்கச் சொல்லவில்லை. ஒரு வெற்றிக்கு உடனே கணக்குப் போடத் தெரிந்த கைக்கு ஓர் இழப்புக்குக் கணக்குப் போட ஏன் வரவில்லை என்று கேட்டார். அதற்குச் சதுரங்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே ரசிகர்களுக்கு ஒரு வார்த்தை. ஆட்டம் தெரியாத ஒருவர் பேசத் தொடங்கினால் “உனக்கு இன்னா தெரியும்?” என்று வாயை அடைக்காதீர்கள். என்ன கேட்கிறார் என்று பாருங்கள். யார் பிள்ளை, எந்த ஆளு என்று கேட்டால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். அதை நிறுத்தும் தகுதி, ஆட்டத்தை ஆட்டமாகப் பார்க்கத் தெரிந்த உங்களுக்குத்தான் உண்டு. யார் காசு, யார் உடம்பு, யார் தண்ணீர், எதை வைத்து ஆடினீர்கள் என்று கேட்டால் பதில் சொல்லுங்கள். தெரியாவிட்டால் அவரோடு சேர்ந்து நீங்களும் கேளுங்கள். அன்றைய சபையில் அப்படிச் சேர்ந்து கேட்டவன் துரியோதனனின் தம்பிகளில் ஒருவன், விகர்ணன். வென்ற அணியைச் சேர்ந்தவன்.